நவம்பர் 9: ஜேர்மனியர்கள் கொண்டாடத் தயங்கும் திகதி

பத்திரிகைக் காரியாலயங்களில் பணியாற்றியவர்களுக்கு 'வரலாற்றில் இன்று' என்ற சிறிய பத்தி நன்கு பரிச்சயமானது. பக்கத்தின் அடியில் நான்கு அங்குல இடம் மீதமாகிவிட்டால் அதை நிரப்புவதற்கு அதைவிட வசதியான சாதனம் வேறில்லை. இதே நாளில் ஒரு மன்னர் முடிசூடினார், ஒரு கப்பல் மூழ்கியது, ஒரு விஞ்ஞானி பிறந்தார் என்று ஒன்றோடொன்று எவ்விதச் சம்பந்தமும் இல்லாத தகவல்களை ஆண்டு வரிசைப்படி அடுக்கிவிட்டால் வேலை முடிந்துவிடும். வாசகர்களும் அதை விரும்பிப் படிப்பார்கள். ஆண்டொன்றில் இருப்பதோ 365 நாட்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சம்பவங்கள் அனைத்தும் அந்தச் சிறிய இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கவேண்டியிருப்பதால் எந்தத் திகதியை எடுத்துக்கொண்டாலும் பத்துப் பன்னிரண்டு முக்கிய நிகழ்வுகள் தேறும். அதில் ஆச்சரியப்படுவதற்கு எதுவுமில்லை.

ஆனால், சில வேளைகளில் தற்செயல் என்று சொல்லி ஒதுக்கிவிடமுடியாத அளவுக்கு நிகழ்வுகள் ஒரே திகதியில் குவிந்துவிடுகின்றன. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 50ஆவது ஆண்டு நிறைவு தினமான 1826 ஜூலை 4ஆம் திகதி, அந்தப் பிரகடனத்துடன் நெருங்கிய சம்பந்தமுடைய இரு முன்னாள் ஜனாதிபதிகளான ஜோன் அடம்ஸும் தோமஸ் ஜெபர்சனும் சில மணித்தியாலங்கள் இடைவெளியில் காலமானார்கள். ஐந்து வருடங்கள் கழித்து, அதே ஜூலை 4ஆம் திகதி இன்னொரு முன்னாள் ஜனாதிபதியான ஜேம்ஸ் மொன்றோவும் இறந்தார். அன்றைய அமெரிக்கர்கள் பலர் இதில் இறைவனின் திருவுளத்தைக் கண்டார்கள். இத்தகைய சந்தர்ப்பங்களில் மனித மனம் ஒரு கண்ணுக்குத் தெரியாத கரத்தைத் தேடுவது இயல்பே.

அவ்வாறு ஒரு கரத்தைத் தேடத் தூண்டும் திகதிகளில், எனது வாசிப்புக்கு எட்டியவரையில், ஜேர்மனியர்களின் நவம்பர் 9ஐ விஞ்சியது வேறெதுவும் இல்லை. 1848, 1918, 1923, 1938, 1989 என்று அந்நாட்டின் நவீன வரலாற்றின் ஐந்து பெரும் திருப்பங்கள் அந்த ஒரே நாளில் நிகழ்ந்திருக்கின்றன. ஜேர்மனியர்கள் அதை 'ஷிக்ஸால்ஸ்டாக்' என்று அழைக்கிறார்கள். 'விதியின் நாள்' என்று தமிழில் கூறலாம். பெரும்பாலான பத்திரிகைகளும் வருடந்தோறும் அந்தச் சொல்லைத் தவறாமல் பயன்படுத்துகின்றன.

அந்தச் சொல்லுடன் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஐந்து சம்பவங்களையும் சற்று நெருங்கி நோக்கினால், சில மாத்திரமே தற்செயலானவை என்பதும் ஏனையவை அத்திகதியை நினைவில் வைத்திருந்த மனிதர்களின் காரியங்கள் என்பதும் புலனாகும். விதியின் மீது பாரத்தைப் போட்டுவிட்டால் மனிதர்கள் தப்பிவிடுவார்கள்.

முதலாவது நிகழ்வு தற்செயலானதே. ஐரோப்பா எங்கும் புரட்சி அலை வீசிய 1848ஆம் ஆண்டில் பிராங்க்பேர்ட் நகரில் கூடிய ஜேர்மன் தேசிய சபையின் இடதுசாரி உறுப்பினர்களில் பிரபலமானவர் ரொபேர்ட் புளூம். கொலோன் நகரின் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, லைப்சிக் நகரின் நாடக அரங்கில் செயலாளராகவும் காசாளராகவும் பணியாற்றி, பின்னர் வெளியீட்டாளராகவும் அரசியல்வாதியாகவும் உயர்ந்தவர் அவர். அவ்வருடம் ஒக்டோபரில் வியன்னாவில் கிளர்ச்சி செய்த மக்களுக்கு ஆதரவு தெரிவிப்பதற்காகத் தேசிய சபையின் இடதுசாரிகள் அனுப்பிய குழுவில் அவரும் சென்றார். இளவரசர் விண்டிஷ்கிரெட்ஸின் படைகள் நகரைக் கைப்பற்றியபோது புளூம் கைதானார். மக்கள் பிரதிநிதி என்ற வகையில் அவருக்கு இருந்த சிறப்புரிமையைப் பொருட்படுத்தாமல் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நவம்பர் 9 காலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாள் அவரது 41ஆவது பிறந்தநாள்.

சரியாக 70 ஆண்டுகளுக்குப் பிறகு, 1918 நவம்பர் 9ஆம் திகதி பேர்லினில் நடந்தவற்றை ஒரு பத்திரிகையாளனால் புன்னகை இல்லாமல் வாசிக்கமுடியாது. முதலாவது உலகப் போரில் தோல்வி உறுதியாகிவிட்டது. கீல் துறைமுகத்தில் கடற்படையினர் ஆரம்பித்த கிளர்ச்சி ஒரு வாரத்துக்குள் தலைநகரை எட்டியிருந்தது. இரண்டாம் வில்ஹெல்ம் சக்கரவர்த்தியோ பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்த இராணுவத் தலைமையகத்தில் முடிவெடுக்க இயலாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். வீதிகளில் இலட்சக்கணக்கில் தொழிலாளர்கள் திரண்டுவிட்ட நிலையில் இனியும் காத்திருக்கமுடியாது என்று கண்ட அரசாங்கத் தலைவர் பாடன் இளவரசர் மக்ஸ், சக்கரவர்த்தி முடிதுறந்துவிட்டார் என்று மதியமளவில் செய்தி வெளியிட்டார். சக்கரவர்த்தி அப்போது முடிதுறந்திருக்கவில்லை! செய்தி முந்திக்கொண்டது, நிகழ்வு அதன் பின்னால் ஓடிவந்தது. வில்ஹெல்ம் மறுநாள் நெதர்லாந்துக்குத் தப்பிச்சென்றார். முறைப்படியான முடிதுறப்புப் பத்திரத்தில் அவர் கையொப்பமிட்டது நவம்பர் 28ஆம் திகதியே.

அன்று பிற்பகல் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான பிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டிடத்தின் உணவகத்தில் சூப் அருந்திக்கொண்டிருந்தார். புரட்சிகர இடதுசாரியான கார்ல் லீப்னெக்ட் சோவியத் பாணிக் குடியரசைப் பிரகடனம் செய்யப்போகிறார் என்று அவருக்குத் தகவல் வந்தது. சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்த ஷைடமான் வெளியே திரண்டிருந்த கூட்டத்தினரை நோக்கி ஜேர்மன் குடியரசைப் பிரகடனம் செய்தார். அதற்கான அதிகாரத்தை அவருக்கு எவரும் கொடுத்திருக்கவில்லை. அவரது கட்சித் தலைவர் ஏபேர்ட் கடுங்கோபம் கொண்டார். ஜேர்மனி எத்தகைய நாடாக இருக்கவேண்டும் என்பதை மக்களால் தெரிவுசெய்யப்படும் ஒரு சபையே தீர்மானிக்கவேண்டும் என்பது அவரது வாதம். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் கழித்து சக்கரவர்த்தியின் அரண்மனையில் இருந்து லீப்னெக்ட் தனது சுதந்திர சோசலிசக் குடியரசைப் பிரகடனம் செய்தார். ஒரே நகரில் ஒரே பிற்பகலில் இரு குடியரசுகள்!

இவ்விடத்தில் ஒரு கொசுறுத் தகவல். அந்த அரண்மனை பின்னாளில் கிழக்கு பேர்லினுக்குள் வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியினர் 1950ஆம் ஆண்டில் அதை வெடிவைத்துத் தகர்த்தபோது லீப்னெக்ட் நின்று பேசிய வாயிற்பகுதியை மாத்திரம் பாதுகாத்து, 1964ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட தங்களது அரசாங்க சபைக் கட்டிடத்தின் முகப்பில் அதைப் பதித்துக்கொண்டார்கள். நவம்பர் 9 அவர்களுக்கும் ஒரு புனித நாளாகவே இருந்தது. 25 வருடங்கள் கழித்து அதே திகதி அவர்களுக்கு என்ன செய்யப்போகிறது என்பதை அப்போது எவர் அறிந்திருப்பார்?

1918 வரையில் திகதிக்கு விசேட அர்த்தம் எதுவும் இருக்கவில்லை. அதன் பின்னரே அர்த்தம் ஏற்றப்பட்டது. குடியரசை விரும்பியவர்களுக்கு நவம்பர் 9 விடுதலை நாளாகவும் வெறுத்தவர்களுக்கு துரோக நாளாகவும் ஆயிற்று. போர்க்களத்தில் தோற்காத இராணுவத்தின் முதுகில் அரசியல்வாதிகளும் யூதர்களும் கத்தியால் குத்திவிட்டார்கள் என்ற பொய் திட்டமிட்டுப் பரப்பப்பட்டது. குடியரசின் தலைவர்கள் 'நவம்பர் குற்றவாளிகள்' எனத் தூற்றப்பட்டனர். இந்த வசைமொழியை ஹிட்லரைப் போல ஓயாமல் பயன்படுத்தியவர்கள் குறைவு.

எனவே 1923ஆம் ஆண்டின் நவம்பர் 9ஐ விதி தெரிவுசெய்யவில்லை. நாணயம் அடியோடு மதிப்பிழந்து, அம்மாதம் 20ஆம் திகதி ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி 4.2 இலட்சம் கோடி மார்க் என்ற நிலைக்கு வந்த காலம் அது. குடியரசைக் கவிழ்ப்பதற்கு இதுவே தருணம் என்று ஹிட்லர் கருதினார். 1918 நவம்பரின் ஐந்தாவது ஆண்டு நிறைவையொட்டிய நாட்களில் அதைச் செய்வதே அவரது எண்ணமாக இருந்தது. பவேரிய மாநில அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த குஸ்தாவ் ஃபொன் கார் 8ஆம் திகதி மாலை மியூனிச்சின் பெரிய பியர் மண்டபமொன்றில் உரையாற்றவிருக்கிறார் என்று அறிந்ததும் அந்த இரவையே தெரிவுசெய்தார். மண்டபத்துக்குள் ஆயுதபாணிகளுடன் நுழைந்து கூரையை நோக்கி ஒரு வேட்டைத் தீர்த்து 'தேசியப் புரட்சி' ஆரம்பமாகிவிட்டதென அறிவித்தார். மறுநாள் மதியம், போரில் புகழ்பெற்ற ஜெனரல் லூடன்டோர்ஃப் உடன்வர, சுமார் இரண்டாயிரம் பேருடன் நகரின் மையப்பகுதியை நோக்கி ஊர்வலமாகச் சென்றபோது மாநிலப் பொலிஸார் வழிமறித்தனர். துப்பாக்கிச்சூட்டில் ஹிட்லர் தரப்பில் 16 பேரும் பொலிஸார் நால்வரும் மாண்டனர். 'தியாகிகள்' என்று பின்னர் போற்றப்பட்ட அந்த 16 பேரில் ஒருவர் அருகிலிருந்த உணவகத்தின் பணியாளர். வேடிக்கை பார்க்க நின்ற இடத்தில் குண்டுக்கு இரையானவர் என்றே கருதப்படுகிறது.

தேசத்துரோகக் குற்றத்துக்காக ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்ற ஹிட்லர் 1924 டிசம்பரிலேயே விடுதலையானார். அவர் ஆட்சிக்கு வந்த 1933 முதல், தோல்வியடைந்த அந்தச் சதிமுயற்சி நாஸிகளின் மிகப்பெரிய சடங்காக மாறியது. வருடந்தோறும் 8ஆம் திகதி மாலை அதே பியர் மண்டபத்தில் ஹிட்லரின் உரை, 9ஆம் திகதி அதே பாதையில் ஊர்வலம், இரவில் கட்சி மூத்தவர்களுக்கு விருந்து, நள்ளிரவில் எஸ்.எஸ். படைக்கு ஆட்சேர்க்கப்பட்டவர்களின் சத்தியப்பிரமாணம். 1935ஆம் ஆண்டில் 16 பேரின் எச்சங்களும் தோண்டியெடுக்கப்பட்டு புதிதாகக் கட்டப்பட்ட இரு மண்டபங்களில் வைக்கப்பட்டன. துப்பாக்கிச்சூடு நடந்த இடத்தைக் கடந்துசெல்லும் எவரும் கையை உயர்த்தி வணக்கம் செலுத்தவேண்டும் என்பது கட்டளை. வணக்கம் செலுத்த விரும்பாத மியூனிச்வாசிகள் அவ்விடத்துக்கு முன்பாகவே திரும்பி ஒரு சிறிய சந்துக்குள் நுழைந்து மறுபுறத்தால் போனார்கள். அதற்கு 'நழுவிப்போவோர் சந்து' என்ற அர்த்தத்தில் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். சர்வாதிகாரத்தின் கீழ் சாதாரண மனிதர்கள் கண்டுபிடிக்கும் வழிகளுக்கு இந்தச் சந்து நல்லதோர் உதாரணம்.

இந்தச் சடங்கை அறிந்துகொள்ளாமல் 1938 நவம்பர் 9ஐ விளங்கிக்கொள்ளமுடியாது. அவ்வருடம் ஒக்டோபர் இறுதியில் ஜேர்மனியில் வாழ்ந்த போலந்து யூதர்கள் ஆயிரக்கணக்கில் கைதுசெய்யப்பட்டு எல்லைக்கு அப்பால் விரட்டப்பட்டனர். அவர்களில் ஒரு குடும்பத்தின் மகனான 17 வயது ஹெர்ஷல் கிரின்ஸ்பான் பாரிஸில் இருந்தான். நவம்பர் 7ஆம் திகதி அவன் அங்குள்ள ஜேர்மன் தூதரகத்துக்குச் சென்று ஏர்ன்ஸ்ட் ஃபொம் ராத் என்ற இராஜதந்திரியைச் சுட்டான். அவர் 9ஆம் திகதி பிற்பகல் இறந்தார். செய்தி மியூனிச்சுக்கு வந்துசேர்ந்த வேளையில் பழைய நகர மண்டபத்தில் விருந்து நடந்துகொண்டிருந்தது. 1923இன் 15ஆவது ஆண்டு நிறைவுக்காக நாட்டின் எல்லாப் பிராந்தியங்களிலுமிருந்து கட்சித் தலைவர்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருந்தார்கள். ஹிட்லர் கோயபல்ஸுடன் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வெளியேறினார். கோயபல்ஸ் எழுந்து உரையாற்றினார். உரையின் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. அவர்கள் தொலைபேசிகளை நோக்கி விரைந்தார்கள்.

அந்த இளைஞனின் குண்டு பாய்ந்த அதிகாரி 9ஆம் திகதி இறந்தது தற்செயல். ஆனால், கட்டளையை ஒரே நேரத்தில் நாடு முழுவதும் எடுத்துச்செல்லக்கூடியவர்கள் அனைவரும் அந்த இரவில் ஒரு மண்டபத்தில் கூடியிருந்தது தற்செயல் அல்ல. நாட்காட்டி அவர்களைக் கூட்டிவைத்திருந்தது.

அன்றிரவும் மறுநாளும் 1,400க்கும் அதிகமான யூத வழிபாட்டிடங்கள் தாக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் நாசமாகின. சுமார் 7,500 வர்த்தக நிலையங்கள் சூறையாடப்பட்டன. கொல்லப்பட்டவர்கள் 91 பேர் என்று நாஸிகளே ஒப்புக்கொண்டனர். தற்கொலை செய்தவர்களையும் பின்னர் முகாம்களில் இறந்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை பல நூறாகும். ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் டாக்கௌ, புகன்வால்ட், சாக்ஸன்ஹவுஸன் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். யூதர்களே நூறு கோடி மார்க் தண்டம் செலுத்தவேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. தீயணைப்புப் படையினர் எரிந்துகொண்டிருந்த ஆலயங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக் கட்டிடங்களுக்குத் தீ பரவாமல் தடுப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. வேறொரு இடத்தில் நடந்த மரணத்தைக் காட்டி ஓர் இனத்தின் கடைகளையும் வீடுகளையும் எரிப்பது எப்படி என்பதை இந்நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

உடைந்த கண்ணாடிகளை வைத்து அந்த இரவுக்கு 'பளிங்கு இரவு' என்று பெயர் வந்தது. கண்ணாடி மாத்திரமா உடைந்தது என்ற கேள்வியில் இருந்த நியாயத்தை உணர்ந்த ஜேர்மனியர்கள் இன்று பெரும்பாலும் 'இனவெறித் தாக்குதல் இரவு' என்ற பொருள்படும் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். சொற்களைத் தொழிலாகக் கொண்டவர்கள் கவனத்தில் எடுக்கவேண்டிய மாற்றம் இது.

மாறாத சடங்குக்கு ஒரு பலவீனமும் உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஹிட்லர் இருப்பார் என்பது வருடம் ஒன்றுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இதைக் கண்டுகொண்டவர் கேயோர்க் எல்ஸர் என்ற தச்சுத் தொழிலாளி. 1938ஆம் ஆண்டு விழாவின்போது மியூனிச்சுக்குச் சென்று மண்டபத்தை நோட்டமிட்ட அவர், அடுத்த வருடம் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் அங்கே ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னாலிருந்த தூணைத் தன்னந்தனியாகக் குடைந்து, தானே செய்த நேரக்குண்டைப் பொருத்தினார். 1939 நவம்பர் 8ஆம் திகதி இரவு 9.20க்கு அது வெடித்தது. மூடுபனி காரணமாக விமானத்துக்குப் பதில் ரயிலில் பேர்லின் திரும்பவேண்டியிருந்ததால் ஹிட்லர் தனது பேச்சைச் சுருக்கிக்கொண்டு 9.07க்கு வெளியேறிவிட்டார். பதின்மூன்று நிமிடங்கள்! மண்டபத்திலிருந்தவர்களில் எட்டுப் பேர் பலியாகினர். எல்லையைக் கடக்க முயன்று பிடிபட்ட எல்ஸர் 1945 ஏப்ரலில், போர் முடிவதற்கு ஒரு மாதம் இருந்தபோது, டாக்கௌ முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜேர்மனியில் அவருக்குரிய மதிப்புக் கிடைக்கப் பல தசாப்தங்கள் சென்றன. இராணுவ அதிகாரிகளின் 1944 ஜூலை சதியைப் போற்றியவர்களுக்கு ஒரு தச்சரை ஏற்றுக்கொள்வது அவ்வளவு எளிதாக இருக்கவில்லைபோலும்.

போருக்குப் பிறகும் அந்தத் திகதி சும்மா இருக்கவில்லை. 1969 நவம்பர் 9ஆம் திகதி, 1938ஐ நினைவுகூர்ந்து வைபவம் நடைபெற்ற மேற்கு பேர்லினின் யூத சமூக நிலையத்தில் குண்டொன்று வைக்கப்பட்டது. அதிர்ஷ்டவசமாக அது வெடிக்கவில்லை. வைத்தவர்கள் நாஸிகள் அல்லர்; தங்களைப் பாலஸ்தீனத்தின் நண்பர்கள் என்று கருதிக்கொண்ட இடதுசாரித் தீவிரவாதக் குழுவினர். அந்தத் திகதியை அவர்களும் தெரிந்தே தெரிவுசெய்தார்கள்.

1938இன் 50ஆவது நினைவையொட்டி 1988 நவம்பர் 10ஆம் திகதி மேற்கு ஜேர்மன் நாடாளுமன்றத்தில் உரையாற்றிய சபாநாயகர் பிலிப் யென்னிங்கர், ஹிட்லர் காலத்துச் சாதாரண ஜேர்மனியரின் மனவோட்டத்தை விளக்க முனைந்தார். அவர்களது எண்ணங்களை அவர் எடுத்துக்கூறிய விதம், அவை அவருடைய சொந்தக் கருத்துகளோ என்று கேட்டவர்களை மயங்கவைத்தது. உறுப்பினர்கள் பலர் எழுந்து வெளியேறினர். நாஸிகளுக்கு வக்காலத்து வாங்குபவர் என்று அவரை அறிந்தவர்கள் எவரும் சொல்லவில்லை. இருந்தபோதிலும் மறுநாளே பதவி விலகினார்.

அதற்கு அடுத்த வருடம் சுவர் திறந்தது.

அந்த இரவைப் பற்றிக் கூறுவதற்கு முன்னர் நம்மவர்களுடன் சம்பந்தப்பட்ட ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். பேர்லின் சுவரில் உயிரிழந்தவர்கள் ஆகக்குறைந்தது 140 பேர் என்று ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கிழக்கு ஜேர்மனியர்களுக்கு மரண எல்லையாக இருந்த அதே சுவர், 1980களின் நடுப்பகுதியில் இலங்கைத் தமிழர்கள் பலருக்கு வாசலாக இருந்தது. கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைத்தங்கல் விசாவில் பிரெடெரிக் வீதி ரயில் நிலையத்துக்குச் சென்று, நகர ரயிலில் ஏறி மேற்கு பேர்லினில் இறங்கி அகதி அந்தஸ்துக் கோரினார்கள். நகரின் இரு பாதிகளுக்கும் இடையிலான கோட்டைச் சர்வதேச எல்லையாக மேற்குத் தரப்பு அங்கீகரிக்காததால் அங்கே அவர்களை மறித்துச் சோதிப்பதற்கு எவரும் இருக்கவில்லை. பொன் அரசாங்கம் கொடுத்த நெருக்குதலை அடுத்து 1986 ஒக்டோபர் முதல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைத்துவிட்டது. சுவரில் இருந்த ஓட்டை சுவருக்கு மூன்று வருடங்கள் முன்னரே மூடப்பட்டது என்று சொல்லலாம்.

1989 நவம்பர் 9ஆம் திகதி மாலை 6 மணிக்குக் கிழக்கு பேர்லினில் செய்தியாளர் மாநாடு ஆரம்பமானது. ஆளும் கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி சுமார் ஒரு மணித்தியாலம் சுவாரஸ்யமற்ற விடயங்களைப் பேசினார். தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. முடியும் தறுவாயில் இத்தாலியச் செய்தி நிறுவனத்தின் நிருபர் வெளிநாட்டுப் பயண விதிகள் பற்றிக் கேட்டார். கட்சித் தலைவர் எகொன் கிரென்ஸ் சற்று முன்னர் கையில் திணித்த தாளை ஷபோவ்ஸ்கி எடுத்தார். அது விவாதிக்கப்பட்டபோது அவர் அங்கே இருக்கவில்லை. தாளைச் சரிவரப் படித்துப்பார்க்கவும் இல்லை. மறுநாள் அதிகாலை 4 மணி வரை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை அதற்கு இருந்தது. குடிமக்கள் விசா பெற்று எல்லைக் கடவைகள் ஊடாக வெளியேறலாம் என்று அவர் வாசித்தார். எப்போதிலிருந்து என்று நிருபர்கள் கேட்டார்கள். தாள்களைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரையில் உடனடியாக, தாமதமின்றி என்றார்.

வெளியிடும் நேரத்துக்கான தடையை மீறுவது பத்திரிகைத் தொழிலில் பெருங்குற்றம். அதை ஓர் அரசாங்கமே தனது பேச்சாளரின் வாயால் மீறிய உதாரணம் இதைத்தவிர வேறு எனக்குத் தெரியாது. இரவு 7 மணி கழிந்து சில நிமிடங்களில் செய்தி நிறுவனங்கள் எல்லை திறப்பதாக அறிவித்தன. 8 மணிக்கு மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சியின் பிரதான செய்தியும் அதுவே. இரவு 10.40 கடந்த செய்தியறிக்கையில் சுவரின் வாயில்கள் அகலத் திறந்துகிடப்பதாக அறிவிப்பாளர் கூறியபோது உண்மையில் எந்த வாயிலும் அவ்வாறு திறந்திருக்கவில்லை. 1918ஐப் போலவே செய்தி முந்திக்கொண்டது. அதைக் கேட்டவர்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள்.

போர்ன்ஹோல்மர் வீதிக் கடவையில் கடமையிலிருந்த அதிகாரி ஹரால்ட் யேகர் உணவு அருந்தும்போது ஷபோவ்ஸ்கியின் பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திகைத்தவர். மேலிடத்துக்கு மீண்டும் மீண்டும் தொலைபேசி எடுத்தும் தெளிவான கட்டளை வரவில்லை. அதிகமாகச் சத்தமிடுவோரைத் தெரிந்தெடுத்து வெளியே விடுமாறும், அவர்களது கடவுச்சீட்டின் புகைப்படத்தின் மீது முத்திரை குத்திவிடுமாறும் ஒரு யோசனை சொல்லப்பட்டது. அந்த முத்திரையின் அர்த்தம், அவர் இனித் திரும்பிவர முடியாது என்பதாகும். சற்று நேரத்தில் அவர்களில் சிலர் திரும்பிவந்து, வீட்டில் குழந்தைகள் உறங்குகிறார்கள், உள்ளே விடுங்கள் என்று கேட்டார்கள். வெளியே கூட்டம் ஆயிரமாயிரமாகப் பெருகிக்கொண்டிருந்தது. இரவு 11.30 அளவில் யேகர் எவரது அனுமதியையும் எதிர்பாராமல் தடைகளைத் திறக்க உத்தரவிட்டார். ஒரு வேட்டும் தீர்க்கப்படவில்லை.

இன்னும் அரை மணித்தியாலம் அவர் தாக்குப்பிடித்திருந்தால் திகதி 10 ஆகியிருக்கும். அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தபடி நடந்திருந்தாலும் 10ஆம் திகதிதான். எனவே 1848ஐப் போலவே 1989உம் தற்செயல். இடையில் உள்ள 1923உம் 1938உம் அவ்வாறல்ல. இந்த வேறுபாட்டை 'விதியின் நாள்' என்ற சொல் அழித்துவிடுகிறது என்பதே எனது ஆட்சேபம்.

இரு ஜேர்மனிகளும் இணைவதென முடிவானபோது தேசிய தினம் எது என்ற கேள்வி எழுந்தது. மக்களின் மனதில் பதிந்திருந்த நாள் நவம்பர் 9 என்பதில் ஐயமில்லை. ஆனால், யூத ஆலயங்கள் எரிந்த நாளில் வாணவேடிக்கை விடமுடியுமா? 1990 ஓகஸ்ட் 22ஆம் திகதி நள்ளிரவு கடந்தும் நீடித்த அமர்வில் கிழக்கு ஜேர்மன் நாடாளுமன்றம் 294 வாக்குகளால் ஒக்டோபர் 3ஐ இணைப்பு நாளாகத் தீர்மானித்தது. 62 பேர் எதிர்த்தனர். 7 பேர் வாக்களிக்கவில்லை. ஒக்டோபர் 3க்கு வரலாற்றில் எந்த அர்த்தமும் கிடையாது. ஐரோப்பிய பாதுகாப்பு மாநாட்டின் வெளியுறவு அமைச்சர்கள் அம்மாதத்தின் முதலிரு நாட்களில் நியூயோர்க்கில் கூடி முடித்துவிடுவார்கள். கிழக்கு ஜேர்மனி அதன் 41ஆவது பிறந்தநாளை ஒக்டோபர் 7இல் கொண்டாட வேண்டிய சங்கடமும் நேராது. அதுதான் கணக்கு. உணர்ச்சியில்லாத, அலுவலக வாசனை வீசும் ஒரு திகதி. அந்த முடிவு விவேகமானது என்றே நான் நினைக்கிறேன். ஒவ்வொரு திகதிக்கும் ஒரு வீரவரலாற்றைத் தேடிக்கொண்டிருக்கும் எமது பிராந்தியத்தின் அரசியல்வாதிகளுக்கு அது விசித்திரமாகத் தெரியக்கூடும்.

நவம்பர் 9ஐ முற்றாக ஒதுக்கிவிடவும் அவர்களால் முடியவில்லை. குடியரசுப் பிரகடனத்தின் நூற்றாண்டான 2018இல் ஜனாதிபதி ஸ்டைன்மையர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், ஒளியும் இருளும் கலந்த அந்த நாளை இரண்டையும் சேர்த்தே நினைவுகூர வேண்டுமென்று வாதிட்டார். விடுமுறை இல்லை, அணிவகுப்பு இல்லை. நாஸிகளால் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கடைசியாக வாழ்ந்த வீடுகளின் முன்னால், பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த இடமும் பொறித்த பத்துச் சென்ரிமீற்றர் சதுரப் பித்தளைத் தகடுகள் நடைபாதையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்நாளில் அயலவர்கள் முழந்தாளிட்டு அவற்றைத் துடைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அதே தினத்தில் பேர்லினின் பெர்னவர் வீதியில், எஞ்சியிருக்கும் சுவர்த் துண்டின் இடுக்குகளில் மற்றும் சிலர் ரோஜாப் பூக்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள்.